கன்று நட்டால் போதுமா?



“பரிசு நாளில் மரத்தைப் பற்றி என்ன பேச்சு, வாத்தியாரே?” என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

நம் பாட்டன் பூட்டனுக்குச் சோறு போட்டது ரப்பர் மரம். 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்தன. இந்த வட்டாரத்து ரப்பர் கதையில் அது முக்கியமான அத்தியாயம்.

அதே சிங்கப்பூரில் 1963 ஜூன் 16ஆம் நாள், அன்றைய பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். 1971 நவம்பர் 7இல் முதல் மரம் நடும் நாள் வந்தது. ஃபேபர் மலையில் டாக்டர் கோ கெங் சுவீ தூங்குமூஞ்சிக் கன்று நட்டார். ஏன் நவம்பர்? மழை தொடங்கும் மாதம். வானமே தண்ணி ஊத்தும்!

இப்படி ஒரு நாளை மரத்துக்கென ஒதுக்கும் வழக்கம், அமெரிக்காவில் மரம் அரிதான புல்வெளிப் பகுதியாகிய நெப்ராஸ்காவில் 1872இலேயே நடந்ததுதான்.

ஆனால் நடுவது ஒரு நாள் வேலை. காப்பது பல வருஷத்து வேலை. தொடக்கத்தில் சிங்கப்பூர் மக்கள் செடிகளை மிதித்தார்கள், கன்றுகளைத் திருடினார்கள். சாலை நடுவே நட்ட ஓர் அரிய கன்றைத் தம் வீட்டுக்காகப் பிடுங்கிய மருத்துவர் ஒருவரே பிடிபட்டார் என்று லீ தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். படித்தவர் செய்கிற காரியமா இது?

அரசாங்கம் என்ன செய்தது? பள்ளிப் பிள்ளைகளைக் கன்று நடவும் பேணவும் பழக்கியது. பிள்ளைகள் அந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோருக்கே சொல்லிக் கொடுத்தார்கள். இன்று சிராங்கூன் சாலைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள், வழியில் குடை விரித்து நிற்கும் மரங்களைப் பாருங்கள். அவற்றுக்குப் பின்னால் எத்தனையோ பேர் கைப்பாடு இருக்கிறது.

பெற்றோர்களே, ரப்பர்க் கன்று நட்டால் பால் வெட்ட ஐந்தாறு வருஷம் காத்திருக்கணும், களை எடுக்கணும், உரம் போடணும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையும் அப்படித்தான். முதலாம் வகுப்பில் சேர்த்த அன்றோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? “இன்னைக்கு என்னப்பா படிச்ச?” என்று தினமும் கேட்பதுதான் அந்தக் கன்றுக்கு ஊற்றும் தண்ணீர்.

மாணவர்களே, இன்று பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் பள்ளி வேலியோரம் ஆளுக்கொரு கன்று நடுங்கள். அடுத்த பரிசு நாளில் நான் கேட்கப்போவது மார்க்கை அல்ல, “கன்னு பிழைச்சிருக்கா?” என்றுதான்.