விலையிலாக் கவிமடலும் கட்டற்ற அச்சுக்கோப்பும்

பத்தாண்டு நிறைவு விழாவில் கூடியிருக்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் கவிஞர் பெருமக்களுக்கும் வணக்கம்.

1971இல் கோவையிலிருந்து சிறகு விரித்த ‘வானம்பாடி’, தன்னை ‘விலையிலாக் கவிமடல்’ என்று அறிவித்துக்கொண்டது. கவிதை கடைச்சரக்கன்று, கைக்குக் கை செல்ல வேண்டியது என்பதே அதன் உட்கிடை. கொங்கு மண் கவிதையில் கண்ட அந்நெறியை அச்சுக்கோப்பு மென்பொருளில் கண்டவர்களும் உண்டு. அவர்களுள் மாணவர்க்குத் தனியிடம் உண்டு.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத், 1970களின் இறுதியில் ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கி, யாவரும் பயன்கொள்ள வழங்கினார். வரியின் இறுதியில் சொல்லை எங்கே பிரிப்பது என்ற சிக்கலுக்கு, அவருடைய மாணவர் பிராங்க் லியாங் 1983இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் விடை கண்டார். செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் பயின்ற வியட்நாமியர் ஹான் தே தான், அம்மென்பொருள் பக்கங்களை நேரே பி.டி.எப். கோப்பாகத் தருவதற்கு வழியமைத்தார். இவ்விருவர் ஆய்வும் அலமாரியில் உறங்கவில்லை. இன்றும் நூல்களை உருவாக்கி வருகின்றது.

பக்கத்தைக் கண்முன்னே வடிவமைக்க உதவும் கட்டற்ற மென்பொருள் ‘ஸ்கிரைபஸ்’. கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின் வழியே மாணவர் சிலர் இதற்கும் உழைத்தனர். எனினும் நெடுங்காலம் இதில் தமிழ் செம்மையாக அமையவில்லை. ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். மென்பொருள் அவ்விடமறியாது தடுமாறியது. 2017இல் வந்த 1.5.3 பதிப்பில் இதற்குத் தீர்வு பிறந்தது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் அது நிலைபெற்றது.

கவிஞர்க்கு இதனால் ஆவதென்ன? 1990களில் தமிழ் மென்பொருள்கள் தத்தமக்கெனக் குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. ஒரு டி.டி.பி. நிலையத்தில் கோத்த கவிதை, வேறொரு நிலையத்தில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. 2010 சூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. எழுத்துக்குப் பொதுநெறி கிடைத்தது. அதைப் பக்கமாக்கும் கருவியும் பொதுவாதல் வேண்டும். இல்லையேல் மென்பொருள் வழக்கொழியும் நாளில் கவிஞரின் மூலக்கோப்பும் திறவாப் பெட்டியாகிவிடும்.

‘டெக்’ மென்பொருளுக்குத் தமிழ்ச் சொற்பிரிப்பு விதிகளை ஆக்கி அளித்தவர் கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்ஙல். அண்டை மொழியாரின் அக்கொடைக்கு நன்றி கூறுவதோடு தமிழ் மாணவரின் கடமை முடிந்துவிடாது. புள்ளி பெற்ற மெய் வரியின் முதலில் நிற்றலாகாது. வெண்பாவின் சீர் நடுவே முறிதலாகாது. மடங்கி வரும் அடி உள்தள்ளி அமைய வேண்டும். இவை யாப்புப் பயின்றவர் சொல்ல வேண்டிய விதிகள். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. தமிழ்ப் பக்கமொன்றைக் கோத்துப் பார்த்து, கண்ட பிழையை எடுத்துக்காட்டுடன் எழுதி அனுப்புவதும் பங்களிப்பே. கையேட்டை நல்ல தமிழில் தருவதும் பங்களிப்பே.

கோவையில் பொறியியற் கல்லூரிகளும் பல, தமிழ்த்துறைகளும் பல. இரு திறத்து மாணவரையும் ஒரு மேசையில் அமர்த்தும் பணியை இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில் மேற்கொள்ளலாம். உறுப்பினரின் கவிதைத் தொகுதி ஒன்றை அவர்கள் கட்டற்ற மென்பொருளில் கோக்கட்டும். கண்ட குறைகளை அதனை ஆக்குவோர்க்கு எழுதட்டும். அக்குறைகள் களையப்படும்போது, பயன் அத்தொகுதியோடு நில்லாது தமிழில் நூல் கோக்கும் எவர்க்கும் சேரும். விலையிலாக் கவிமடல் பிறந்த ஊருக்கு அது பொருத்தமான பணியாகும்.