பொன்னொளியும் பனிமூட்டமும்
(நூற்றாண்டு விழாவில், ஓவியம் தீட்டும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



பேலியகொடையில் வளர்ந்த எமக்கு மேற்குத் திசை என்றால் களனி கங்கைதான். கங்கை மட்டக்குளிப் பக்கமாகக் கடலைச் சேருவதால், மாலைச் சூரியன் தண்ணீர் வழியே எம்மை நோக்கி நடந்து வருவதுபோல் இருக்கும். தை, மாசி அதிகாலைகளில் படகும் பாலமும் மூட்டத்துக்குள் பாதி மறையும். இவ்விரண்டையும் தைல வர்ணத்தில் கொண்டுவர முயல்பவர்கள் நாம்.

பொன்னிறம் வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் மஞ்சள் குழாயைத்தான் பிதுக்குவார்கள். மஞ்சளைக் கூட்டக் கூட்ட வானம் மாம்பழமாகிவிடும், ஒளி வராது. எமது தட்டில் வெள்ளையைவிட வெளிச்சமான வர்ணம் இல்லை. சூரியனோ அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசம். ஆகவே ஒளியைக் கூட்ட முடியாது, சுற்றியிருப்பதைத்தான் அடக்க வேண்டும். சாம்பல் கலந்த நீலமும் ஊதாவும் பக்கத்தில் நின்றால், சிறிதளவு மஞ்சட்காவியும் பொன்னாகத் தெரியும்.

பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே 1872இல் லு ஆவ்ர் துறைமுகத்துச் சூரியோதயத்தைத் தீட்டினார். மனப்பதிவு ஓவிய இயக்கத்துக்குப் பெயர் கொடுத்த படம் அது. அதைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் செம்மஞ்சள் சூரியன் வானத்தோடு கலந்து ஏறக்குறைய மறைந்துவிடும். சூரியனை அவர் வானத்தைவிட வெளிச்சமாகத் தீட்டவில்லை. நிறத்தை மட்டுமே மாற்றினார்.

மூட்டத்துக்குத் தைல வர்ணம் நல்ல துணை. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மெல்ல இறுகும். அதற்குச் சில நாட்கள் செல்லும். அதற்குள் விளிம்புகளை உலர்ந்த தூரிகையால் தடவி மங்கச் செய்யலாம். காய்ந்தபின் வெள்ளை கலந்த வர்ணத்தை மெல்லியதாக மேலே இழுத்தால் பனிமூட்டம். எண்ணெயில் கரைத்த மஞ்சளைக் கண்ணாடிபோல் பூசினால் பொன்னொளி. விதி ஒன்று உண்டு: அடிப் பூச்சில் எண்ணெய் குறைவு, மேற்பூச்சில் கூடுதல். மாற்றிச் செய்தால் காலப்போக்கில் வெடிக்கும்.

ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். டர்னர், மொனே ஆகியோரின் ஓவியங்களில் காலத்தோடு மங்கல் கூடிச் செல்வது அக்கால ஆலைப் புகையோடு ஒத்துப்போகிறது என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. எமது ஊருக்கு 2011இல் மீன் சந்தை வந்தது. 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதையும், 2021இல் களனியின் மேல் புதிய பாலமும் திறக்கப்பட்டன. ஆற்றோரத்தில் நாம் இரசிக்கும் மூட்டத்தில் பனி எவ்வளவு, புகை எவ்வளவு? தீட்டுபவள் அழகோடு காற்றையும் பதிவு செய்கிறாள். இன்றைய களனியை இன்றே தீட்டி வைக்காவிட்டால், பின்னால் ஒப்பிட எமது பிள்ளைகளிடம் எதுவும் இருக்காது.

தூர தேசத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தெஹிவளையில் 1921இல் பிறந்த ஐவன் பீரிஸ், ‘43 குழு’வின் ஆரம்ப உறுப்பினர், திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. 1953இல் இங்கிலாந்து சென்றவர் 1988இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அங்கிருந்தும் அவர் தீட்டியது பெரும்பாலும் எமது கடற்கரையைத்தான். ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் உங்கள் மனக்கண்ணிலும் ஒரு களனி மாலை இருக்கும். அதைத் தீட்டி அனுப்புங்கள். தூரிகை பிடிக்க வராவிட்டால் எழுதி அனுப்புங்கள்.

சித்திரத்தை ‘கெட்டிக்காரப் பிள்ளைக்கு வேண்டாத பாடம்’ என்று வீடுகளில் சொல்கிறார்கள். தைல வர்ணக் குழாயின் விலையோ ஆசையுள்ள பிள்ளையையும் தடுக்கிறது. எத்தனையோ மாணவிகள் அதைத் தொட்டுப் பாராமலே பாடசாலையை விட்டுப் போகிறார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சாக்லேட்டோடு ஒரு வெள்ளை, ஒரு நீலம், ஒரு மஞ்சட்காவி கொண்டு வாருங்கள். மூன்று குழாய் போதும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து சொல்லிக் கொடுக்க நாம் ஆயத்தம்.