மந்திரியின் மூக்கும் மக்களின் சிரிப்பும்

(கமக்காரரும் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் கூடியிருந்த பொதுக்கூட்டம் ஒன்றில், சட்டத்தரணியும் அரசியல் ஊழியருமான ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு கீழே தரப்படுகின்றது.)



பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். அது பெருங்கடல். அக்கடலிலிருந்து ஒரு கையளவு நீரை மட்டும் அள்ளி உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். ஒரு மந்திரியைக் கேலி செய்து படம் வரையும் உரிமை குடிமகனுக்கு உண்டா? உண்டாயின் அதன் எல்லை யாது? அப்படத்தால் மந்திரியின் மனம் நொந்தால், அவர் நியாயம் கேட்கச் செல்லவேண்டிய இடம் எது? இம்மூன்று வினாக்களுக்கும் இன்று விடை காண முயல்வோம்.

உரத்துக்கும் தண்ணீருக்கும் விளைபொருளின் விலைக்கும் வழி தேடி அலையும் கமக்காரனுக்குக் கேலிச்சித்திரம் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு என் விடை இதுதான். நீங்கள் எழுதிய மனு கந்தோர்க் கோவையிற் போய்ப் படுத்துக்கொள்ளும். உங்கள் பிரதிநிதி கேட்ட கேள்வி ஹன்சார்ட்டில் அச்சேறி நூலக அலுமாரியில் உறங்கும். பத்திரிகை ஆசிரியரின் தலையங்கத்தைப் படிப்பதற்கு ஓய்வும் கல்வியும் வேண்டும். ஆனால் ஒரு படத்தை, தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்திருப்பவனும் சந்தையிற் சாக்கு விரித்திருப்பவளும் ஒரே பார்வையிற் படித்துவிடுவார்கள். எழுத்தறியாதவனும் படிக்கும் தலையங்கம் அது. அதிகார பீடத்திலிருப்போர் நூறு கட்டுரைகளைப் பொறுத்துக்கொண்டு ஒரு படத்தைப் பொறுக்கமாட்டாமல் துடிப்பதன் இரகசியம் இதுவே.

பேரிக்காயான மன்னன்

இந்தத் துடிப்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1830ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் பிரான்சு தேசத்தில் அரியணை ஏறிய லூயி பிலிப் மன்னன், தணிக்கை இனி இல்லை என்ற சாசனத்தை ஏற்றே முடி சூடினான். அடுத்த ஆண்டிலேயே பிலிப்போன் என்னும் பத்திரிகாதிபர் மன்னனைக் கேலி செய்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதற் படம் மன்னனின் முகம். நான்காவது படம் ஒரு பேரிக்காய். ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல மெல்ல மாறியிருந்தது. எந்தப் படத்திற் குற்றம் தொடங்குகின்றது, பேரிக்காயையும் தண்டிப்பீர்களா என்பது அவர் வாதத்தின் சாரம். அவருக்குச் சிறைத்தண்டனையே கிடைத்தது. ஆனால் அதன் பின்னர் பாரிஸ் நகரத்துச் சுவரெங்கும் பேரிக்காய் முளைத்தது. 1832இல் டோமியே என்ற ஓவியரும் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1835இல், முன் அனுமதி பெறாமற் படம் வெளியிடலாகாது என்று சட்டமே பிறந்தது. 1848இல் மன்னன் முடி துறந்து இங்கிலாந்துக்கு ஓடினான்.

பேரிக்காய்தான் அவன் முடியைப் பறித்தது என்று நான் கூறவில்லை. படத்தை அடக்கியதனால் அவன் முடி நிலைத்துவிடவில்லை என்றே கூறுகின்றேன்.

இதற்கு மாறாக வேறொரு காட்சியும் உண்டு. 1948இல் டில்லியிற் கேலிச்சித்திரக்காரர் சங்கர் தமது வார இதழைத் தொடங்கியபோது, பிரதமர் நேரு, தம்மை மட்டும் விட்டுவைக்க வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார். சங்கரும் விட்டுவைக்கவில்லை. நேருவின் பெருமை அதனாற் குறைந்ததா? குறையவில்லை. அவருடைய மகள் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த 1975ஆம் ஆண்டிலேதான் அவ்விதழ் நின்றது. கசப்பான சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கும் வேந்தனே வேந்தன் என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். அந்த அளவுகோல் மந்திரிகளுக்கும் பொருந்தும்.

சென்னைச் சட்டசபையின் கதை

இனி, நம் தமிழ் மொழியிலேயே நடந்த ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்கின்றேன். சட்டம் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருங்கே அறிந்திருக்கவேண்டிய வழக்கு இது.

1987ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் 'ஆனந்த விகடன்' வார இதழின் அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம் வெளிவந்தது. மேடையில் இருப்பவர்களுள் யார் சட்டசபை உறுப்பினர், யார் மந்திரி என்று ஒருவர் கேட்கின்றார். சட்டைப்பைத் திருடன் போல் இருப்பவர் உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரன் போல் இருப்பவர் மந்திரி என்பது மற்றவரின் விடை. எந்த மந்திரியின் பெயரும் அதில் இல்லை. எந்த மந்திரியின் முகமும் அதில் இல்லை. ஆயினும் சட்டசபை கொதித்தெழுந்தது. சபையின் சிறப்புரிமை மீறப்பட்டதென்று சபாநாயகர் கருதினார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்கள். ஆசிரியர் பாலசுப்பிரமணியன் மறுத்தார். ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில் அவருக்கு மூன்று மாதக் கடுங்காவற் தண்டனை விதிக்கப்பட்டது. மத்திய சிறைக்கு அவரைக் கொண்டுசென்றார்கள்.

அந்தத் தண்டனையை விதித்தது நீதிமன்றமன்று; சட்டசபை. இதை நீங்கள் நன்றாக மனத்தில் இருத்தவேண்டும். வேலித் தகராறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக் காணிக்காரன், "என் எல்லையை நீ மீறினாய்" என்கின்றான். பிறகு அவனே நீதிபதியின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, "ஆம், நீ மீறியது உண்மை" என்று தீர்ப்பளிக்கின்றான். பிறகு அவனே கீழிறங்கி உங்கள் கையில் விலங்கு பூட்டுகின்றான். இதை நியாயம் என்பீர்களா? முறைப்பாட்டுக்காரனே நீதிபதியாகும் வழக்கில் எதிரிக்கு நீதி கிடையாது. எவரும் தம் வழக்குக்குத் தாமே நீதிபதி ஆகலாகாது என்பது சட்டக் கல்லூரியில் முதல் நாட்களிற் கற்பிக்கப்படும் பாடம். முதல் நாட் பாடத்தைத்தான் சட்டம் இயற்றும் சபை மறந்தது.

நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. சில நாட்களுக்குள் ஆசிரியர் விடுவிக்கப்பட்டார். விடுதலை கிடைத்தது போதும் என்று அவர் வீட்டுக்குச் சென்று படுத்துவிடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஏழாண்டுகளின் பின்னர், 1994இல், அவர் மீதான நடவடிக்கை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அவருக்குக் கிடைத்த நட்ட ஈடு ஆயிரம் ரூபா. அந்த ஆயிரம் ரூபாவை அவர் செலவு செய்யவில்லை. சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்தார். ஆயிரம் ரூபாவில் ஒரு சோடி எருதுகூட வாங்க முடியாது. ஆனால், ஒரு சபையின் கோபம் சட்டமாகாது என்பதற்கு அச்சுவரில் தொங்கியது சாட்சி.

மனுவும் படமும்

அது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2017 ஒக்ரோபர் 23ஆந் திகதி, திருநெல்வேலி மாவட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல், மனைவியோடும் இரு குழந்தைகளோடும் மாவட்ட ஆட்சித்தலைவரின் அலுவலக வளவில் தீயிற் கருகினார். நால்வரும் மாண்டனர். மனுக் கொடுத்துப் பயன் காணாத குடும்பம் அது. ஓவியர் பாலா அக்கொடுமையைப் படமாக வரைந்தார். எரியும் குழந்தையின் முன், முதலமைச்சரும் ஆட்சித்தலைவரும் பொலிஸ் ஆணையாளரும் பணக்கட்டுகளால் தம் நிர்வாணத்தை மறைத்து நிற்பதாக அப்படம் அமைந்திருந்தது. நவம்பர் 5ஆந் திகதி அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் நீதவான் அவரைப் பிணையில் விடுத்தார்.

படம் கடுமையானதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் எது ஆபாசம்? நிர்வாணமாக வரைந்த கோடா, நால்வரை எரியவிட்ட அலட்சியமா? மனுவுக்கு நாள் கணக்கில், மாதக் கணக்கில் கிடைக்காத பதில், படத்துக்கு நாட்களில் கிடைத்தது. குடிமகனின் துயரத்துக்கு நடக்க மறுத்த அரசாங்கத்தின் கால்கள், அதிகாரியின் மானத்துக்கு ஓடின.

நம் நாட்டின் ஏடு

அயல்நாட்டைக் குறை கூறிவிட்டு நம் வீட்டு முற்றத்தைக் கூட்டாமல் விடலாமா? இந்நாட்டின் பாராளுமன்றச் சிறப்புரிமைச் சட்டம் 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமாகும். பாரதூரமான மீறல்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் அதில் உயர் நீதிமன்றத்திடமே இருந்தது. 1978இல் அதைத் திருத்தி, பாராளுமன்றமே விசாரித்துத் தண்டிக்கலாம் என்று ஆக்கினார்கள். காரணம் என்ன? ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் வெளிநாட்டமைச்சரின் படத்தின் கீழ், வேறொரு படத்துக்குரிய குறிப்பு இடம் மாறி அச்சாகிவிட்டது. அச்சுக்கூடத்தில் நேர்ந்த பிழை சபையில் தண்டனையாக முடிந்தது. அந்தத் தண்டிக்கும் அதிகாரம் 1997இலேயே மீண்டும் நீக்கப்பட்டது. 2002இல், அவதூறு செய்ததற்காகச் சிறைக்கு அனுப்பும் குற்றவியற் சட்டமும் அகற்றப்பட்டது. மந்திரிக்கு மானநட்டம் நேர்ந்தால், உங்களையும் என்னையும் போல, அவரும் சிவில் நீதிமன்றத்தின் படியேறி நட்ட ஈடு கேட்கலாம். அது நேரிய வழி. அதை நான் வரவேற்கின்றேன்.

ஆனால் சட்டப்புத்தகம் திருந்தினாற் போதுமா? 2010 சனவரி 24ஆந் திகதி, சனாதிபதித் தேர்தலுக்கு இரு நாட்கள் இருக்கையில், கேலிச்சித்திரக்காரரும் எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட காணாமற் போனார். அவர் சிங்களவர். அவருடைய மனைவி சந்தியா நீதிமன்ற வாயில்களிலே ஆண்டுக்கணக்கில் நின்றார். நம் தாய்மார் பல்லாண்டுகளாக நிற்கும் அதே வாயில்கள்தாம் அவை. சென்னை ஆசிரியரைச் சிறைக்கதவு விழுங்கிற்று, பின் உமிழ்ந்தது. வழக்கு இருந்தது, நீதிபதி இருந்தார், தீர்ப்பு இருந்தது. எக்னெலிகொடவுக்கு எந்தக் கதவு திறந்தது, எந்தக் கதவு மூடியது? அநியாயமான சட்டத்தை வாதாடி வெல்லலாம். சட்டமே இல்லாத இருளில் வாதாடுவதற்கு எதிரே ஆள் இல்லை. ஆகவே, ஒரு சித்திரக்காரனுக்காகப் பேசுகையில் அவன் எந்த இனத்தவன், எந்தக் கட்சியினன் என்று பாராமல் நாம் பேசவேண்டும்.

எல்லை எங்கே?

வரைபவனுக்கும் தருமம் உண்டு. பதவியைக் கேலி செய்யலாம். பிறப்பைக் கேலி செய்யலாகாது. செயலைக் கேலி செய்யலாம். உடற்குறையைக் கேலி செய்யலாகாது. மந்திரியின் மூக்கைச் சற்று நீட்டுவது ஆளை அடையாளங் காட்டுவதற்கு. பெண்ணொருத்தி மந்திரியாகும்போது, அவளுடைய கொள்கையை விட்டுச் சேலையைப் பற்றிப் படம் வரைபவன் விமரிசகனல்லன்.

இன்னும் பெரிய எல்லை ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஸ்ட்ரைக்கர் என்பவன் நடத்திய பத்திரிகை, யூத மக்களை அருவருப்பான உருவங்களாக வாரந்தோறும் வரைந்து வெளியிட்டது. ஆட்சியிலிருந்தோரைச் சாடிய படங்களல்ல அவை. ஆட்சியிலிருந்தோர் அழிக்க எண்ணிய மக்களைச் சாடிய படங்கள். அவன் 1946இல் நியூரம்பேர்க் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்டான். மேலே இருப்பவனை நோக்கி எறியும் சிரிப்பு வேறு. கீழே கிடப்பவன் மீது கொட்டும் சிரிப்பு வேறு. குடுமியையும் தொப்பியையும் காட்டி ஓர் இனம் முழுவதையும் இழிவு செய்யும் படத்தை எந்த மொழிப் பத்திரிகை வெளியிட்டாலும், அது நம் மொழிப் பத்திரிகையே ஆயினும், நாம் கண்டிக்கவேண்டும்.

நமக்கும் ஒரு சோதனை

அன்பர்களே, கொழும்பிலுள்ள மந்திரியின் மூக்கை நீட்டி வரைந்தால் நாம் கைதட்டுகின்றோம். நாம் வாக்களித்து அனுப்பியவரின் மூக்கை ஒருவன் நீட்டினால் என்ன செய்கின்றோம்? துரோகி என்கின்றோம். பத்திரிகையை வாங்காதே என்கின்றோம். அங்கேதான் நம் கொள்கையின் உண்மை சோதிக்கப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரதியார் தமது 'இந்தியா' பத்திரிகையில் கருத்துப்படம் வெளியிட்டு வழிகாட்டிய மொழி நம் மொழி. 'சிரித்திரன்' சுந்தர், சவாரித் தம்பரைப் படைத்து யாழ்ப்பாணத்தானைத் தன்னைப் பார்த்தே சிரிக்கச் செய்தார். தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த சமுதாயத்தை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

நானும் மேடை ஏறும் அரசியல் ஊழியன்தான். நாளை என் மூக்கும் நீளக்கூடும். நீண்டால், அது உண்மையா என்று என்னைக் கேளுங்கள்; வரைந்தவனின் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

தேர்தல் காலத்தில் உங்கள் படலையைத் தேடி வருவோரிடம், பாதையும் பாலமும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "ஐயா, உங்களைக் கேலி செய்து படம் போட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" வழக்கு வைப்பேன் என்பவரை நம்பலாம். பதில் எழுதுவேன் என்பவரை மேலும் நம்பலாம். சேர்ந்து சிரிப்பேன் என்பவருக்குத் தயங்காமல் வாக்களிக்கலாம். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு மௌனமாக நிற்பவரிடம் உங்கள் நாட்டை ஒப்படைக்காதீர்கள்.