உச்சவரம்புக்குள் ஒரு கபடி

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பதினைந்து நிமிஷம் பேசுங்க, பிள்ளைகளுக்குப் பிடிச்ச விஷயமா இருக்கட்டும்" என்று நம் செயலாளர் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குப் பிடித்தது விளையாட்டு. எனக்குத் தெரிந்ததோ சம்பளக் கணக்கு. இங்கே வணிகவியல் படித்துவிட்டு முப்பத்திரண்டு வருஷம் மில்லில் சம்பளப் பட்டியல் எழுதியவன் நான். ஆகவே ரெண்டையும் சேர்த்து, விளையாட்டு வீரர்களின் சம்பளக் கணக்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

2022 ஆகஸ்ட் மாதம் புரோ கபடி லீக் ஏலம் நடந்தது. நம்ம தமிழ் தலைவாஸ் அணி, பவன் செராவத் என்ற வீரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கிடைக்காத தொகை. 'கபடிக்கு ரெண்டேகால் கோடியா!' என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு அந்தத் தொகையைவிட அதன் பக்கத்தில் இருந்த இன்னொரு தொகைதான் கண்ணில் பட்டது. அந்த வருஷம் ஒரு அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்தே 4 கோடியே 40 லட்சத்துக்கு மேல் தரக்கூடாது என்பது விதி. அணியில் குறைந்தது 18 பேர் இருக்க வேண்டும். ஒருத்தருக்கே பாதிக்கு மேலே போய்விட்டது. மீதி 2 கோடியே 14 லட்சத்தைப் பாக்கி 17 பேருக்காவது பிரித்தாக வேண்டும். தலைக்குச் சராசரி 12 லட்சத்துச் சொச்சம்!

ஈரோட்டில் மஞ்சள் ஏலம் பார்த்திருப்பீர்கள். "இந்த வருஷம் இத்தனை லட்சத்துக்கு மேல வாங்காதே" என்று எந்த வியாபாரியையும் யாரும் தடுப்பதில்லை. கையில் காசு இருந்தால் குடோனையே நிரப்பலாம். வீரர் ஏலம் அப்படி இல்லீங்க. அது நம்ம காளிங்கராயன் வாய்க்கால் மாதிரி. விடுகிற தண்ணீர் இவ்வளவுதான். தலைமடைக்காரர் மடையை அகலமாகத் திறந்தால் கடைமடை காயும். ஒரு வீரருக்கு எழுதும் தொகை அதே அணியின் இன்னொரு வீரருக்குப் போகாத தொகை. இதுதான் சம்பள உச்சவரம்பின் சூட்சுமம்.

இப்படி ஒரு வரம்பு எதற்கு? ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கென்றே ஒரு கால்பந்து இருக்கிறது. முட்டை வடிவப் பந்து, கையாலும் தட்டலாம், காலாலும் உதைக்கலாம். அந்த லீக்கின் பல சங்கங்கள் 1980-களில், ஒருவர் வீரரை இன்னொருவர் இழுக்கப் போட்டி போட்டுக் கடனில் மூழ்கின. 1987-இல் சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். பணக்காரச் சங்கம் எல்லா நல்ல வீரர்களையும் வாங்கிக்கொண்டால், மோதுவதற்கு எதிரணி வேண்டாமா? ஒருபக்கமாகவே முடியும் ஆட்டத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?

உச்சவரம்பு என்றதும் நமக்கு நில உச்சவரம்பும் பினாமிப் பட்டாவும் ஞாபகம் வரும். அங்கேயும் அதே கதைதான்! கார்ல்டன் என்ற பழம்பெரும் சங்கம் கணக்கில் காட்டாமல் வீரர்களுக்குப் பணம் கொடுத்தது. 2002-இல் பிடிபட்டது. 9 லட்சத்து 30 ஆயிரம் டாலர் அபராதம். அதோடு, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன்வரிசை உரிமையும் பறிபோனது. அபராதத்தை ஒரு வருஷத்தில் கட்டிவிடலாம். வராமல் போன இளம் வீரர்களை எங்கே போய்த் தேடுவது?

சரி, நம்ம தலைவாஸ் கதைக்கு வருவோம். 2022 அக்டோபரில் முதல் ஆட்டம், குஜராத் அணியோடு. அந்த முதல் ஆட்டத்திலேயே பவன் செராவத்துக்கு முழங்காலில் அடி. அந்தப் பருவம் முழுக்க அவர் ஆடவே இல்லை. பாதிப் பணம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நரேந்தர் என்ற புதுப் பையன், அதுதான் அவருக்கு முதல் பருவம், 243 ரெய்டு புள்ளி எடுத்தார். சாகர் தலைமையில் பின்வரிசை கெட்டியாக நின்றது. அதற்கு முன் ஒரு தடவைகூட அடுத்த சுற்றுக்குப் போகாத தலைவாஸ், அந்த வருஷம் அரையிறுதி வரை போய், புனே அணியிடம் ரெண்டே புள்ளியில் தோற்றது.

அடுத்த வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் அதே பவனை 2 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது வரம்பு 5 கோடி. மறுபடியும் பாதிக்கு மேல்! பவன் நன்றாகவே ஆடினார், 200 ரெய்டு புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். ஆனால் அணி 22 ஆட்டத்தில் ரெண்டில் மட்டும் ஜெயித்துக் கடைசி இடத்தில் நின்றது. குறை பவன் மேல் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் இல்லை.

அப்படியானால் பெரிய தொகை கொடுப்பதே தப்பா? இல்லை. அதே 2023 ஏலத்தில் புனேரி பல்தான் அணி, ஈரான் வீரர் ஷாட்லூயியை 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்துக் கோப்பையும் வென்றது. 2024-இல் ஹரியானா அணி அவரையே 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது. அதுவும் கோப்பையை வென்றது. புனேயில் வித்தியாசம் என்ன? அவர்கள் 'யுவா பல்தான்' என்று சொந்தப் பயிற்சிப் பட்டறை வைத்துப் பல இளைஞர்களை முன்னாலேயே வளர்த்திருந்தார்கள். சுவர் நின்ற பிறகு கலசம் வைத்தார்கள். கலசத்தை வாங்கி வைத்துக்கொண்டு செங்கல் தேடவில்லை.

நீண்ட கால ஒப்பந்தம் இன்னும் கடினமான கணக்கு. 2013-இல் சிட்னி ஸ்வான்ஸ், லான்ஸ் ஃபிராங்க்ளின் என்ற வீரரை 9 வருஷத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று எழுதிக்கொண்டது. அவர் நடுவில் ஓய்வு பெற்றாலும் மீதித் தொகை சிட்னியின் வரம்புக் கணக்கில் ஏறும் என்று லீக் கறாராகச் சொன்னது. அவரோடு சிட்னி 2014, 2016, 2022 என மூன்று இறுதி ஆட்டங்களுக்குப் போனது. மூன்றிலும் தோல்வி. ஆனாலும் அவர் ஆடிய காலத்தில், அவர் ஆடுகிறார் என்றால் மைதானம் நிறைந்தது. லாபமா நஷ்டமா என்று இன்றைக்கும் அங்கே விவாதம் ஓய்ந்தபாடில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கோயமுத்தூர் மில் முதலாளிகள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து, 'இதற்கு மேல் சம்பளம் தர மாட்டோம்' என்று கையெழுத்துப் போட்டிருந்தால் தொழிற்சங்கம் சும்மா இருந்திருக்குமா? வாசலில் கொடி ஏறியிருக்கும்! ஆஸ்திரேலியாவில் வரம்பைச் சங்கங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. வீரர் சங்கமும் எதிரே உட்கார்ந்து பேசுகிறது. மேலே கூரை போட்டவர்கள் கீழே தரையும் போட்டார்கள். வரம்பில் 95 சதவீதமாவது வீரர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நம் நாட்டில் இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் என்று ஒன்று 2019-இல் வந்தது. அது ஓய்வு பெற்ற வீரர்களுக்கானது. ஏலத்தில் நிற்கிற பையனுக்காகப் பேச அங்கே ஆள் இல்லை.

மாணவச் செல்வங்களே, ஏலத் தொகைதான் உங்கள் மதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். 2017-இல் ஐ.பி.எல். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த வருஷமே ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி 10 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. ஆள் ஒருவர்தான், கை ஒன்றுதான். அன்றன்றைக்கு அணிகளின் பையில் மிச்சம் எவ்வளவு, இடது கைப் பந்துவீச்சாளர் யாருக்குத் தேவை என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தொகை சொல்கிறது. 40 லட்சம் என்றபோது அவர் பந்தைக் கீழே போட்டுவிட்டுப் போகவில்லை. அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு கபடிப் பையன். ஒரு போட்டிக்கு ஒப்பந்தம் என்று நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். ரெண்டாம் நாள் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. காகிதத்தில் காயம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆபரேஷனுக்கு அவங்கப்பா ரெண்டு எருமையை விற்றார். பவன் அடிபட்டபோது நாடே பேசியது. இந்தப் பையனுக்காகப் பேச அவங்கப்பாவைத் தவிர யாரும் இல்லை.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே வக்கீல்கள் இருக்கிறார்கள், ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், எலும்பு டாக்டர்களும் இருக்கிறார்கள். இந்தக் கல்லூரிப் பிள்ளை எந்த விளையாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலும், நம்மில் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கி அதைப் படித்துச் சொல்ல வேண்டும். அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, சம்பளம் எந்தத் தேதியில் வரும், நடுவில் விடுவித்தால் என்ன தருவார்கள் என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். காப்பீட்டுக்கு ஒரு சிறு நிதியும் சேர்ப்போம். முதல் ஆயிரம் ரூபாயை இந்த மேடையிலேயே பொருளாளரிடம் கொடுக்கிறேன். ரசீதை மறக்காமல் போடுங்க!