கர்னல் வில்சனும் பெயரில்லாச் சிப்பாய்களும்



1914-இல் தொடங்கிய உங்கள் ராணி மேரிக் கல்லூரி காப்பர் மாளிகையில் வளர்ந்தது. காப்பர் ஒரு ராணுவ கர்னல். மாளிகை போய்விட்டது, ஆனாலும் மயிலாப்பூர்க் கடற்கரையைப் பற்றி எழுதுகிற எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. இங்கிருந்து சாந்தோமைத் தாண்டித் தெற்கே போனால் அடையாற்றின் கழிமுகம். 1746-இல் அங்கே பாரடி என்ற தளபதியின் கீழ் இருந்த சின்னஞ்சிறு பிரெஞ்சுப் படை ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிதறடித்தது. அந்தச் சிறு படையில் பெரும்பாலோர் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற நம் நாட்டுச் சிப்பாய்கள். பாடநூலில் பாரடி இருக்கிறார்; அவர்களில் ஒருவர்கூட இல்லை. தளபதிக்குப் பெயர், சிப்பாய்க்கு எண்ணிக்கை என்பதே போர் வரலாற்றின் வழக்கம். இத்தனைக்கும், ஆநிரை மீட்கப் போய் மாண்ட சாதாரண வீரனுக்கும் பெயர் பொறித்து நடுகல் நட்ட நாடு இது.

அந்த வழக்கத்தைக் கொஞ்சமாவது அசைத்தவர் சென்னைக் காலாட்படையிலிருந்து ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல் டபிள்யூ. ஜே. வில்சன். அவர் தொகுத்த 'சென்னைப் படையின் வரலாறு' 1882-க்கும் 1889-க்கும் இடையே அரசு அச்சகத்தில் தொகுதி தொகுதியாக அச்சானது. விறுவிறுப்பை எதிர்பார்த்துப் பிரித்தால் ஏமாற்றம்தான். படையெடுப்புகளுக்கு நடுநடுவே சம்பளம், பேட்டா, உடுப்பு, ஓய்வூதியம், படைப்பிரிவுகளைச் சேர்த்தது, கலைத்தது என்று உத்தரவு மேல் உத்தரவாக வரும். அந்த வறட்சியே நூலின் பலம் என்பது என் கருத்து. அன்றைய சிப்பாய் தன் கதையை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவன் வயிற்றையும் மானத்தையும் தொட்ட உத்தரவுகளோ தாளில் இருந்தன. அவற்றை ஒருவர் பொறுமையாக அடுக்கி வைத்ததால்தான் ஒரு சுபேதாருக்கு எட்டக்கூடிய உயரம் எது, காயம்பட்டவனுக்கு என்ன கிடைத்தது என்றெல்லாம் இன்று நாம் கேட்க முடிகிறது. வீரத்தைப் புகழ்ந்து எழுத அதிகச் செலவில்லை. சம்பளக் கணக்கில் பொய் எழுதினால் மறுமாதமே யாராவது சண்டைக்கு வருவார்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கிழக்கிந்தியக் கம்பெனியின் கூலிப்படை நம் நாட்டை நம் ஆட்களைக் கொண்டே பிடித்தது. அதைப் பிடித்தவர்களே எழுதிய வரலாற்றை நாம் ஏன் போற்ற வேண்டும்? போற்றச் சொல்லவில்லை, படிக்கச் சொல்கிறேன். 1806-இல் வேலூரில் என்ன நடந்தது என்று பாருங்கள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் கோட்டையில் கலகம் வெடித்தது. அதை அடக்கிய பிறகு, கலகம் செய்த படைப்பிரிவுகளின் எண்களையே அரசு பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அப்படிப் பட்டியலிலிருந்து துடைக்கப்பட்ட பிரிவுகளுக்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு அரசு அச்சகத்திலேயே மீண்டும் இடம் கிடைத்தது. வில்சன் ஆட்சியின் பக்கம் நின்றுதான் எழுதினார். ஆனால் உத்தரவுகளையும் தேதிகளையும் வரிசை மாறாமல் வைத்துவிட்டதால், அவர் எட்டாத முடிவுக்கு நாம் எட்டலாம்.

அவருடைய முறைக்கு ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. அலுவலகத் தாளில் ஏறாதவர் அதில் இல்லவே இல்லை. பாளையத்தில் சிப்பாயோடு அலைந்த மனைவி, சமைத்தவர், சுமை தூக்கியவர் எல்லாரும் அந்த ஓட்டை வழியே நழுவிவிட்டார்கள். அதை ஓரளவு அடைத்தவர் இன்னொரு ராணுவ அதிகாரி, இதே கல்லூரியில் படித்த கேப்டன் லட்சுமி. 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணி மகளிர் படையை அவர் தலைமையேற்று நடத்தினார். அதில் சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். அவர்களைப் பற்றி எந்தத் தலைமையகமும் தொகுதி தொகுதியாக எழுதப் போவதில்லை. லட்சுமியின் நினைவுக் குறிப்பும், முதுமை வரை அவர் சளைக்காமல் அளித்த பேட்டிகளும் அந்த வேலையைச் செய்தன. நினைவு தவறும், தன்னைப் பெரிதாக்கும், அதை எப்படி ஆவணமாகக் கொள்வது என்று வரலாற்றாசிரியர் கேட்பார். தவறும்தான். ஆகவே அதைத் தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தாளே இல்லாத இடத்தில் இன்னொருவர் நினைவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 1972-இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்தபோது அரசே இந்த வழியைத்தான் பிடித்தது. சிறைச் சான்று இல்லாதவர்கள் உடனிருந்தவர்களின் சான்றைக் கொண்டுவரலாம் என்றது. சாட்சி சொல்ல உடனிருந்தவர் உயிரோடு இல்லாதவர்களின் பாடுதான் திண்டாட்டம்.

இன்று பட்டம் பெறும் உங்களில் வரலாறு படித்தவர்களைவிட வணிகவியல் படித்தவர்களையே இதில் நான் அதிகம் நம்புகிறேன். வில்சன் தந்திருக்கும் சம்பள, பேட்டா விகிதங்களைக் கணக்கர் கண்ணோடு பார்த்து, அன்றைய அரிசி விலையோடு ஒப்பிட்டால், சிப்பாய் எந்த ஆண்டில் கடனாளியாகியிருப்பான் என்று சொல்லிவிடலாம். மூலத் தாள்கள் எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓய்வுபெற்ற சிப்பாயோ அவர் மனைவியோ உங்கள் தெருவில் இருந்தால், எழும்பூருக்குப் போகுமுன் அந்த வீட்டுக்குப் போங்கள். தாள் அங்கேயே இருக்கும். அவர்கள் எவ்வளவு நாள் இருப்பார்களோ தெரியாது. போரைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதிலிருந்து பேச்சு தானாக வரும்.