பத்து வருஷம் கழிச்சு எதோட ஒப்பிடுவோம்?

(தூத்துக்குடியில் தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்களுக்கான பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



தோழர்களே, நாம தினமும் கார்டு போடுறோம். அதுல ஒரு எண் இருக்கும். இத்தனை சதவீதம், இத்தனை கோடி. எதிர்த்தரப்பு வேற ஒரு எண்ணோட வருவாங்க. நடுராத்திரி வரைக்கும் கமெண்ட்ல சண்டை நடக்கும். அந்த எண் எங்கிருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? யாரோ ஒருத்தர் ஒரு வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து, "வீட்ல எத்தனை பேரு, நிலம் எவ்வளவு, கடன் யாருகிட்ட?" என்று பொறுமையா கேட்டு எழுதியிருப்பார். அங்கேதான் அது பிறக்குது.

நம்ம மாநிலத்துல இதுக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916ல் தன் மாணவர்கள் கையில ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, கிராமங்களுக்குப் போய் விசாரிச்சு எழுதிட்டு வரச் சொன்னார். 1918ல் அது புத்தகமாச்சு. அதுல ஒரு ஊர் நமக்குப் பக்கத்துல இருக்கிற கங்கைகொண்டான். இன்னைக்கு நமக்கு சிப்காட் என்றால் தெரியும் அதே ஊர்தான்.

அதோட முடிஞ்சிருந்தா அது ஒரு பழைய புத்தகம், அவ்வளவுதான். 1936-37ல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்குத் திரும்பப் போனாங்க. 1971ல் யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநரா இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷையா, சென்னை அடையாறு காந்தி நகர்ல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். எம்.ஐ.டி.எஸ். என்று சொல்வாங்க. 1980கள்ல அங்கிருந்து ஆய்வாளர்கள் மறுபடியும் அதே ஊர்களுக்குப் போனாங்க. கங்கைகொண்டானுக்குப் போனவர் வெங்கடேஷ் ஆத்ரேயா. விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுக்கு 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூணு பேரும் போனாங்க.

நான் படிச்சது இன்ஜினியரிங். ஒரு மோட்டாரோட வெப்பநிலையை ஒரே ஒரு தடவை அளந்தா அதை வச்சு ஒன்னும் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப அளந்தாத்தான் அது சூடாகுதா, ஆறுதான்னு தெரியும். ஊரும் அப்படித்தான். 1916ல் இருவேல்பட்டுல படியாள் முறை இருந்தது, ஒரு சில பெரிய நிலக்காரங்க பிடியில ஊர் இருந்தது. 2008ல் அந்தப் பிடி தளர்ந்திருந்தது. ஜனங்க வயலுக்கு வெளியேயும் பிழைப்பு தேடிக்கிட்டாங்க. இதை நாம மேடையில பெருமையா சொல்லலாம். ஆனா 1916ல் யாரோ ஒரு மாணவர் எழுதி வச்சதாலதான் அதை ஆதாரத்தோட சொல்ல முடியுது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தமிழ்நாட்டு நிதித்துறைச் செயலாளரா இருந்த எஸ். குகன் பிறகு எம்.ஐ.டி.எஸ்.ல ஆய்வாளரா உட்கார்ந்தார். இருவேல்பட்டுக்குப் போன ஜெயரஞ்சன் 2021ல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் ஆனார். அடையாறுக்கும் கோட்டைக்கும் நடுவுல ஒரு பாதை இருக்கு. நம்ம வ.உ.சி.யையே எடுத்துக்கோங்க. அவரைப் பத்தி வாழ்நாள் முழுக்க ஆவணம் தேடிய ஆ. இரா. வேங்கடாசலபதி அதே நிறுவனத்தின் பேராசிரியர்தான். 1908 திருநெல்வேலி எழுச்சியைப் பத்திய அவர் நூலுக்கு 2024ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது கிடைச்சது.

இப்போ நம்ம கடற்கரைக்கு வருவோம். முத்துக்குளித்துறைன்னு பேர் வாங்கின கரை இது. வெள்ளைக்காரன் காலத்துல முத்துக்குளிப்புக்கு முன்னாடி அதிகாரிங்க பாரைப் பார்வையிடுவாங்க. சிப்பியை எடுத்து எண்ணுவாங்க, முத்துக்கு மதிப்பு போடுவாங்க. லாபம் வரும்னு தெரிஞ்சாத்தான் குளிப்பு அறிவிப்பாங்க. பெரும்பங்கு அரசுக்கு, மிச்சம் குளிச்சவருக்கு. கணக்கு தொடங்கினது சிப்பியிலதான், மூச்சடக்கி உள்ள போன மனுஷனிலிருந்து இல்லை.

அதே தப்பு இன்னைக்கு நடக்கக் கூடாது. 2025 ஆகஸ்ட்டில் வின்பாஸ்ட் கார் ஆலை திறந்தாச்சு. குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளம் வருது. துறைமுகம் பெருசாகுது. எத்தனை ஆயிரம் கோடி, எத்தனை கண்டெய்னர்னு எல்லாரும் எண்ணுறாங்க. நல்லது, வரட்டும். ஆனா பத்து வருஷம் கழிச்சு "தூத்துக்குடி மாறிடுச்சு"ன்னு கார்டு போடுவோமே, எதோட ஒப்பிடுவோம்? உப்பளத்துல பாத்தி மிதிக்கிற அக்கா வருஷத்துல எத்தனை மாசம் கூலி பார்க்கிறாங்க? சங்கு குளிக்கிற அண்ணன் பிள்ளை எந்த வேலைக்குப் போச்சு? இதை இப்பவே எழுதி வைக்கலைன்னா, அப்போ யாரு கேட்டாலும் பதில் கிடைக்காது.

பட்டியல்ங்கிறது சின்ன விஷயம் இல்லை. மழைக்காலத்துல வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. பட்டியல்ல பேர் இல்லாதவங்களுக்கு அந்தப் பணம் எப்படிப் போகும்? ஒன்றிய அரசோ 2021ல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2027க்குத் தள்ளிடுச்சு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல எத்தனை பேருக்கு அரிசின்னு முடிவு பண்றதுக்கு இன்னமும் 2011 கணக்குத்தான். அதுக்கப்புறம் பிறந்த குழந்தை இப்போ பள்ளிக்கூடம் போகுது, கணக்குல மட்டும் இன்னும் பிறக்கலை.

உங்ககிட்ட மூணு வேண்டுகோள்.

ஒன்னு: எண் போடுறதுக்கு முன்னாடி, யாரு கேட்டாங்க, எந்த வருஷம், எத்தனை வீட்ல என்று பாருங்க. பதில் இல்லைன்னா அந்தக் கார்டு வேண்டாம்.

ரெண்டு: உங்க தெருவுக்குக் கேள்வித்தாளோட ஒரு மாணவி வந்தா உட்கார இடம் கொடுங்க, குடிக்கத் தண்ணி கொடுங்க. ஆனா கூடவே வீடு வீடா போகாதீங்க. கட்சிக்காரங்க பக்கத்துல நின்னா ஜனங்க மனசுல உள்ளதைச் சொல்ல மாட்டாங்க. வர்ற முடிவு நமக்குச் சாதகமா இல்லைன்னாலும் அது நமக்குத் தேவை. நோய் எங்கேன்னு தெரியாம மருந்து கொடுக்க முடியாது.

மூணு: தலைமைக்கு நாம வைக்கிற கோரிக்கை. நம்ம கரையில பத்து ஊர்களைத் தேர்ந்தெடுக்கணும். வ.உ.சி. கல்லூரி, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மாணவர்கள், எம்.ஐ.டி.எஸ். ஆய்வாளர்களோட சேர்ந்து வீடு வீடா கணக்கெடுக்கணும். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அதே வீடுகளுக்குத் திரும்பப் போகணும். ஆட்சியில யாரு இருந்தாலும் முடிவை அப்படியே வெளியிடணும். இது நம்ம தேர்தல் அறிக்கையில வரணும்.

ஸ்லேட்டரோட மாணவர்களுக்கும் நம்ம வயசுதான் இருந்திருக்கும். அவங்க கையில பேனா இருந்தது, நம்ம கையில போன் இருக்கு. கேட்க வேண்டிய கேள்விகள் நம்ம தெருவுலயே இருக்கு.