உள்ளே வைத்த பொருள்

மதுரைச் சீமையில் கண்ணுக்குள் லென்சு வைத்துக்கொண்ட முதியவர் இல்லாத தெரு இராது. 1976ஆம் ஆண்டில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையையும், 1992 முதல் அந்த லென்சுகளை இவ்வூரிலேயே செய்துவரும் அரோலாப் நிறுவனத்தையும் நீங்கள் அறிவீர்கள். என் தாயாரின் வலக் கண்ணிலும் அத்தகைய லென்சு ஒன்று உண்டு. என் உடலுக்குள்ளும் 11 ஆண்டுகள் ஒரு பொருள் இருந்தது. அது கண்ணில் அன்று, மார்பில்.

இதை மாணவர் கேட்கும் நிகழ்ச்சியில் பேசலாமா என்று என் நலம் நாடும் சிலர் கேட்டார்கள். மார்பகம் என்ற சொல் காதில் விழுந்ததும் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு எழும் என்பது ஆசிரியையாகிய எனக்குத் தெரியாததன்று. ஆயினும், நம் வீடுகளில் தாயோ அத்தையோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அங்கே நீட்டப்படும் ஆங்கிலக் காகிதங்களைப் படித்துச் சொல்லுகிறவர் பெரும்பாலும் படிக்கிற பிள்ளைதான். ஆகவே உங்களிடம் சொல்லுவதே முறை என்று எண்ணுகிறேன்.

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடம் பெறுகிறது. 2010இல் அது எனக்கு வந்தது. இடது மார்பகத்தை அகற்றிய டாக்டர்கள், அவ்விடத்தில் சிலிகான் பை ஒன்றை வைத்தார்கள். சிலிகான் ரப்பராலான உறை. உள்ளே பாகு போன்ற சிலிகான் கூழ். இம்ப்ளாண்ட் என்று அதைச் சொல்லுவார்கள். அழகுக்காக வைத்துக்கொள்ளுவோரும் உண்டு. நானோ புடவை கட்டிக்கொண்டு வகுப்பில் நிற்கும்போது பழையபடி நிற்க வேண்டும் என்று விரும்பினேன், அவ்வளவுதான். எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று நான் கேட்கவில்லை. தாயாரின் கண் லென்சைப் போல ஆயுள் முழுவதும் கிடக்கும் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். என் பிழை அங்கேதான் தொடங்கிற்று.

சிலிகான் பையை முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு வைத்தது 1962ஆம் ஆண்டில். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். தாமஸ் க்ரோனின், ஃப்ராங்க் ஜெரோ என்ற இரு டாக்டர்கள். அந்தப் பெண்மணி பச்சை குத்தியதை அழிக்கச் சென்றவர். இதைச் செய்துகொள்கிறீர்களா என்று டாக்டர்கள் கேட்க, அதற்குப் பதில் துருத்தி நிற்கும் என் காதுகளைச் சரிசெய்து கொடுங்கள் என்றாராம்! கேட்கப் போனது ஒன்று, பெற்று வந்தது வேறொன்று. பின்னர் வந்த பல பெண்களின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

நம் கரிசல் காட்டில் கருவேல முள் காலில் தைத்து உள்ளே முறிந்துவிட்டால் என்ன ஆகிறது? வெளியே தள்ள முடியாத பொருளைச் சுற்றி உடல் ஒரு வேலி கட்டுகிறது. சிலிகான் பையைச் சுற்றியும் அப்படியே தழும்புத் திசுவாலான ஒரு சுவர் எழும்பும். எல்லோருக்கும் எழும்பும், அது நோயன்று. சிலருக்கு அந்தச் சுவர் நாளடைவில் சுருங்கி இறுகும். பை கெட்டிப்படுவதில்லை, முஷ்டிக்குள் அகப்பட்ட பஞ்சுபோல் நெருக்குண்டு கல்லாகத் தோன்றும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இது நேரும் வாய்ப்பு அதிகம். நான் பெற்றிருந்தேன்.

2017இல் எனக்கு அது தொடங்கியது. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால் மார்புக்குள் யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க இயலாது. மூட்டுவலியும் அசதியும் சேர்ந்துகொண்டன. நான் முதலில் காட்டிய டாக்டர், "புற்றுநோயிலிருந்து பிழைத்துக்கொண்டீர்கள், அதற்குச் சந்தோஷப்படுங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பினார். நன்றி கெட்டவள்போல் வீடு திரும்பினேன். உயிர் கிடைத்த பின்னும் வலிக்கிறது என்று சொல்லுவதற்கு ஒரு துணிவு வேண்டியிருக்கிறது. எனக்கு அது வர ஈராண்டுகள் ஆயின.

அதற்குள் ஒரு செய்தி வந்தது. 2019 ஜூலையில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி, அல்லெர்கன் நிறுவனம் பயோசெல் என்ற சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அவ்வகைப் பைகளைச் சூழ்ந்த தழும்பிலும் நீரிலும் அரிதாக ஒரு நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது தெரிந்திருந்தது. அது மார்பகப் புற்றுநோய் அன்று, வேறு இனம். நோய்க்குறி ஏதும் இல்லாதவர்கள் அஞ்சி எடுத்துவிட வேண்டியதில்லை என்றும் அந்த நிர்வாகம் கூறியிருந்தது. எனக்கோ குறிகள் இருந்தன. என் மார்பில் இருப்பது எந்த நிறுவனத்தின் பை? அதுதான் எனக்குத் தெரியவில்லை.

வீட்டிலிருந்த காகிதங்களைக் கலைத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிலிகான் இம்ப்ளாண்ட்' என்ற இரண்டே சொற்கள் இருந்தன. பெயரும் எண்ணும் அச்சிட்ட அட்டை ஒன்று இப்பைகளோடு வருவது வழக்கம். அதைக் கொடுத்தார்களோ, வாங்கி எங்கேனும் வைத்தேனோ, நினைவில்லை. சிகிச்சை நடந்த இடத்திற்குச் சென்றேன். பழைய கோப்புகளைக் கழித்துவிட்டோம் என்றார்கள். அதில் விதிமீறலும் இல்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கழக விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காத்தால் போதும்; அதற்குள் கேட்டால் 72 மணி நேரத்தில் தந்துவிட வேண்டும். பை பத்தாண்டுகள் உள்ளே கிடக்கலாம். அதன் காகிதம் மூன்றாண்டுகளில் போய்விடலாம்! இந்தக் கணக்கு எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அன்று மாலை என் தாயார் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதற்குள், மடித்த மடிப்பில் நைந்துபோன ஒரு காகிதம். அதில் ஒட்டியிருந்த சிறு சீட்டில் அவர் கண் லென்சின் பெயர், அளவு, எண். "ஏத்தா, என் கண்ணுல வச்ச கடுகத்தனைக் கண்ணாடிக்கே சீட்டுக் குடுத்திருக்காக. ஒனக்கு வச்ச அம்புட்டுப் பெரிய சாமானுக்கு ஒண்ணும் குடுக்கலையா?" என்றார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் பட்டதாரி ஆசிரியை.

பெயர் தெரிவது ஏன் முக்கியம் என்பதற்குப் பிரெஞ்சு நாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். போலி இம்ப்ளாண்ட் ப்ரோதேஸ் என்று ஒரு நிறுவனம். பிரெஞ்சில் அச்சொல்லுக்கு வேறு பொருள். ஆனால் தமிழில் எழுதும்போதே உண்மை வெளிவந்துவிடுகிறது. மருத்துவத்திற்கு அனுமதி பெறாத, தொழிற்சாலைக்குரிய மலிவான சிலிகானைப் பைகளில் நிரப்பி விற்றார்கள். 2010இல் அது வெளிப்பட்டது. 2011 டிசம்பரில், அப்பைகளை எடுத்துவிடுமாறு பிரெஞ்சு அரசு அறிவுரை கூறி, அந்நாட்டில் அவற்றை வைத்திருந்த ஏறத்தாழ 30,000 பெண்களுக்கு எடுக்கும் செலவையும் ஏற்றது. நிறுவனத்தை நிறுவிய ழான் க்ளோத் மாஸ் 2013இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தம்மிடம் இருப்பது எது என்று சீட்டைப் பார்த்து அறிய முடிந்தவளே அன்று விரைந்து முடிவு செய்திருப்பாள்.

நம் மாநிலத்தில் 2018இல், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஏழைப் பெண்களுக்கு மார்பகச் சீரமைப்பு இலவசமாகச் செய்யப்படும் என்று அறிவித்தபோது, பலர் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழைக்கும் தன் உடல் பழையபடி வேண்டும் என்ற ஆசை இருக்கக் கூடாதா? வைப்பது இலவசமாயின், சோதிப்பதும் எடுப்பதும் யார் செலவு என்றுதான் நான் கேட்டிருப்பேன். சிலிகான் பை வைத்தவர்கள் ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது நல்லது. உறை கிழிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கக்கூடும்.

எனக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. வேறொரு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். படத்தில், கிழிந்து மடிந்த உறை இடியாப்ப இழைபோல் கூழுக்குள் மிதந்தது. எடுத்துவிட வேண்டும் என்றேன். புதிய பை வைக்கலாம், முதுகிலிருந்தோ வயிற்றிலிருந்தோ சதையை எடுத்து அமைக்கலாம், அல்லது தட்டையாகவே தைத்துவிடலாம் என்று மூன்று வழிகளையும் அவர் பொறுமையாக விளக்கினார். தட்டையாகவே இருக்கட்டும் என்றேன். என் நாத்தனார் முகம் சுளித்தார். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வங்கிக்குப் போய் நகையை அடகு வைத்துப் பணத்தோடு வந்தார்.

கொரோனாக் காலத்தில் தள்ளிப்போய், 2021இல் அறுவைச் சிகிச்சை நடந்தது. இறுகிய தழும்புச் சுவரையும் சேர்த்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்; அதில் புற்று இல்லை. இப்போது கையைத் தாராளமாகத் தூக்குகிறேன். மூட்டுவலியும் குறைந்தது. பையை எடுத்ததால் குறைந்ததா, நிம்மதியாக உறங்குவதால் குறைந்ததா என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். அசதிக்கும் பைக்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்யும் சோதனை எதுவும் இல்லை. ரவிக்கைக்குள் வைக்க நானே பஞ்சடைத்துத் தைத்துக்கொண்டேன். கனத்துக்குக் கொஞ்சம் கேழ்வரகு.

சிகிச்சைக்கு மறுநாள் டாக்டர் அந்த உறையைக் கழுவி ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டினார். பிற்பக்கத்தில் காசளவு வட்டம் ஒன்று தடித்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். செய்தவர் பெயர், அளவு, எண் மூன்றும் அதில் பொறித்திருந்தன. திரும்பப் பெற்ற வகை அன்று. ஈராண்டுகளாக நான் மதுரையெங்கும் தேடிய சீட்டு என் மார்புக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வந்தேன். என் தாயார் அதை வாங்கித் தம்முடைய லென்சுச் சீட்டோடு ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தார். பொருள்தான் வெளியே வந்துவிட்டதே, இனி எதற்கு இது என்றேன்.

"கெடக்கட்டும்" என்றார்.